எல்லிஸ் தீவு குமாஸ்தா நிரபராதி

அமெரிக்காவில் இத்தாலிய வம்சாவளி வீட்டில் விருந்துக்குப் போனால், பாஸ்தா தீர்ந்து காபி வருவதற்குள் ஒரு கதை வந்துவிடும். "எங்கள் தாத்தாவுக்கு அருமையான பெயர். நியூயார்க் துறைமுகத்தில், குடியேற வந்தவர்களைச் சோதிக்கும் எல்லிஸ் தீவில் இறங்கினார். அங்கே உட்கார்ந்திருந்த தூங்குமூஞ்சி குமாஸ்தாவுக்கு எழுத வரவில்லை, கிறுக்கித் தள்ளிவிட்டான். அன்று கெட்டதுதான் எங்கள் பெயர்!" போதாக்குறைக்கு 1974இல் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் வந்து, வீட்டோ ஆந்தோலினி என்ற பொடியனை அதே தீவில் வீட்டோ கொர்லியோனே ஆக்கிவிட்டது. சினிமாவே சொன்ன பிறகு அப்பீல் ஏது?

குமாஸ்தாவுக்காக ஒரு வக்கீலும் வராததால் நான் வருகிறேன். கனம் கோர்ட்டார் அவர்களே! என் கட்சிக்காரர் பெயர் எழுதும் வேலையே பார்க்கவில்லை. 1892இல் தீவு திறந்த நாள் முதல் பெயர்ப் பட்டியல் கப்பலோடுதான் வந்தது. நேப்பிள்ஸிலோ பலெர்மோவிலோ கப்பல் கம்பெனி ஆள் எழுதிக் கொடுத்தது. ஆளைப் பார்ப்பது, பட்டியலைப் பார்ப்பது, டிக் அடிப்பது, இதுதான் இவர் உத்தியோகம். பாஷை தெரியவில்லை என்பீர்கள். பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளர் இருந்தார். சில வருஷம் அந்த வேலை பார்த்தவர் ஃபியோரெல்லோ லா கார்டியா. இத்தாலியத் தகப்பனுக்குப் பிறந்து, பிற்பாடு நியூயார்க்குக்கே மேயரானவர். அவருக்கா ஜூசெப்பே என்ற பெயர் காதில் விழாது?

தீவில் கேட்ட கேள்விகளே வேறு. "நீ அனார்கிஸ்டா?" "உனக்குப் பல பெண்டாட்டியா?" நாலு பேர் இருந்தாலும் அந்த வரிசையில் நின்று ஒருவன் ஒப்புக்கொள்வானா? "வேலை தயாராக இருக்கிறதா?" என்பதுதான் கண்ணி. "இருக்கிறது எஜமான்" என்று பூரித்தால் போச்சு. ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரக் கூடாது என்று 1885இலேயே சட்டம். "வேலை செய்ய முடியாது" என்றாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். 'வேலை இல்லை, ஆனால் எந்த வேலையும் செய்வேன்' என்பவனுக்கே கதவு திறந்தது.

அப்படியானால் பெயரை மாற்றியது யார்? சாட்சாத் தாத்தாவேதான். பத்து வருஷம் கழித்து, மேஸ்திரிக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டபோது ஜூசெப்பே தானாகவே ஜோ ஆனார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இத்தாலியிலிருந்து நம் பக்கம் வந்த பெஸ்கி பாதிரியார்கூடத் தைரியநாதராகி, அப்புறம் வீரமாமுனிவர் ஆனார். எந்தத் துறைமுகக் குமாஸ்தாவும் அதில் கைவைக்கவில்லை.

இப்போது பேரப்பிள்ளைகள் வேர் தேடுகிறார்கள். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. தளத்தின் பெயர் 'அன்தெனாத்தி', அதாவது முன்னோர். நேப்பிள்ஸ் பக்கம் 1809இல் நெப்போலியனின் ஆட்கள் தொடங்கிவைத்த பிறப்பு, இறப்புப் பதிவு, 1820இல் சிசிலிக்கும் வந்தது. தேடுகிறவர் மனசில் ஒரு பிரபுவும் ஒரு கோட்டையும் இருக்கும். கிடைப்பதோ ஒரே பெயரில் ஆறு பேர். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது அங்கே மீற முடியாத வழக்கம். பேரன் என்றாலே பெயரன்தான் என்ற நமக்குச் சொல்லவா வேண்டும்? தாத்தாவுக்கு ஆறு மகன்கள் என்றால் ஆறு வீட்டிலும் ஒரு ஜூசெப்பே. ஊரார் பட்டப்பெயர் வைத்துச் சமாளித்தார்கள். பதிவேட்டைப் புரட்டுகிறவர் என்ன வைத்துச் சமாளிப்பார்?

எஸ்போசிதோ என்ற குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏறினால் இன்னும் விசேஷம். நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா அநாதை இல்லத்துச் சுவரில் ஒரு சுழலும் மரப்பெட்டி உண்டு. வளர்க்க வழியில்லாதவள் பிள்ளையை அதில் வைத்துச் சுற்றிவிடுவாள். உள்ளே இருப்பவள் எடுத்துக்கொள்வாள். 1875 வரை நடந்தது. அப்படி வந்த பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் வைத்த பெயர்தான் எஸ்போசிதோ, 'வெளியே விடப்பட்டவன்'. பிரபுவைத் தேடி மரம் ஏறியவர், உச்சியில் சுவர் ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிவிடுவார்.

சரி, நம் ஜூசெப்பேயின் கல்யாணப் பதிவு ஒருவழியாக அகப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். மங்கிய மை, கோணல் கையெழுத்து. மணமகன் தொழில்: 'பிராச்சாந்தே'. தினக்கூலி, 'கை' என்ற சொல்லிலிருந்து வந்தது. கோட்டை, கொத்தளம் எல்லாம் அந்த இரண்டு கைகள்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைசி வரிக்கு வாருங்கள்: 'மணமகன் எழுதத் தெரியாதவர் என்பதால் கையெழுத்திடவில்லை.'

தன் பெயரை ஒரு தடவைகூட எழுதிப் பார்க்காத மனிதர் அவர். கனம் கோர்ட்டார் அவர்களே, இதில் எந்த எழுத்தை என் கட்சிக்காரர் கெடுத்தார்?