பாவாடை கட்டிப் பார்த்த பரிசோதனை

கேள்வி: பெடியனைப் பெட்டையாக வளர்த்தால் பெட்டையாகவே ஆகிவிடுவானா? (வாசகர், உரும்பிராய்)

பதில்: இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வின்னிபெக்கில் 1965 இல் பிறந்த இரட்டையரில் ஒருவர் டேவிட் ரைமர். கைக்குழந்தையாக இருக்கையில், விருத்தசேதனத்தின்போது ஆணுறுப்பு சிதைந்துபோனது. உளவியலாளர் ஜோன் மணியின் ஆலோசனைப்படி அறுவைச் சிகிச்சை, பெண் பெயர், பாவாடை, பின்னர் பெண் ஹோர்மோன் என்று எல்லாம் கொடுக்கப்பட்டன. மணி அதை வெற்றி என்றே எழுதினார். பிள்ளைக்குத்தான் அது தெரியவில்லை. பதின்ம வயதில் உண்மை சொல்லப்பட்டதும் டேவிட் ஆணாக வாழத் தொடங்கினார். அவரது வாழ்வு 2004 இல் துயரமாக முடிந்தது.

ஒருவரின் கதையை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது. ஆனாலும் ‘நான் யார்’ என்ற உணர்வில் கருப்பைக் கால ஹோர்மோன்களுக்கும் மரபணுக்களுக்கும் பங்குண்டு என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. வளர்ப்பின் ஆட்சி வேறிடத்தில். தேங்காய் துருவுவது பெட்டைக்கு, சைக்கிளில் கடைக்குப் போவது பெடியனுக்கு என்ற பங்கீடு எந்தக் குரோமோசோமிலும் இல்லை. அது முழுக்க வீட்டுத் தயாரிப்பு.

டேவிட்டுக்குச் செய்ததுபோல, ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்கும் பாலினத்தை முடிவுசெய்ய அவசரமாகக் கத்தி வைக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. உயிராபத்து இருந்தால் மட்டும் விலக்கு.