கண் துடித்தால் கல்யாணமா, காபியா?

இல்லத்தரசி, கும்பகோணம்
கே: மூன்று நாளாக இடக்கண் இமை துடிக்கிறது. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்ல சேதி வரும் என்கிறார் மாமியார். நம்பலாமா?
ப: மாமியாருக்குக் கம்பரே துணை. அசோகவனத்தில் சீதையும் தன் இடக்கண் துடிப்பதைத் திரிசடையிடம் சொல்கிறாள். அனுமன் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் வந்து நின்றவன் ராவணன். உங்கள் வீட்டில் யார் வருவார் என்று எனக்குத் தெரியாது. இமை துடிப்பதற்கு வழக்கமான காரணங்கள் தூக்கக் குறைவு, கண் களைப்பு, மனக் கவலை, கணக்கில்லாத டிகிரி காபி. காபியைக் குறைத்து, நன்றாகத் தூங்கிப் பாருங்கள். சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் அடங்கிவிடும். நல்ல சேதி வந்தால் மாமியார் கணக்கில் எழுதிவிடுங்கள், வீட்டுக்கும் அமைதி.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை
கே: இமையோடு கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுக்கிறதே?
ப: பஞ்சாங்கத்தை மூடிவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இப்படி இழுத்தால், மூளையடியில் ஒரு ரத்தக்குழாய் முக நரம்பை அழுத்திக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். போடாக்ஸ் ஊசிக்கு நன்றாகக் கேட்கும். நட்சத்திரங்கள் சுருக்கம் மறையப் போட்டுக்கொள்ளும் அதே ஊசிதான். அமெரிக்காவில் அது 1989இல் முதலில் அனுமதி பெற்றது மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும். அழகு நிலையத்துப் பக்கம் போனதெல்லாம் பிறகு. புருவச் சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2002இல்.

ஜவுளிக்கடை ஊழியர், திருச்சி
கே: நடுராத்திரியில் கெண்டைக்காலில் குரக்களி பிடித்து உயிர் போகிறது. என்ன செய்ய?
ப: பகலெல்லாம் நின்றபடி சேலை விரித்துக் காட்டிய கால், ராத்திரியில் ஓவர்டைம் கேட்கிறது. பிடித்ததும் முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் முகம் பார்க்க இழுங்கள். பிறகு நாலடி நடங்கள். படுப்பதற்கு முன் சுவரில் கையூன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலை இழுத்துவிடுங்கள். மெக்னீசியம் மாத்திரை வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்குப் பெரிதாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒரு காலத்தில் கொடுத்த குவினைன், ரத்தத் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் கெடுக்கக்கூடியது. கால் பிடிப்புக்கு மருந்து தேடப்போய் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

மளிகைக் கடைக்காரர், மதுரை
கே: பிடிப்புக்கு வாழைப்பழம் தின்றால் போதும் என்கிறாரே என் மருமகன்?
ப: பழம் நல்லது. பொட்டாசியம் குறைவா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். மருமகன் சொல்ல முடியாது. முதலில் உங்கள் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் இரண்டுமே சதையில் வேலையைக் காட்டக்கூடியவை. எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் வாழைப்பழச் சீப்பை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

கல்லூரிக் கபடி வீரர், வேலூர்
கே: ஊறுகாய்த் தண்ணீர் குடித்தால் தசைப்பிடிப்பு விட்டுவிடுமாமே? வீட்டில் மாவடு ஜாடி நிறைய இருக்கிறது.
ப: மாவடு மோர் சோற்றுக்கே இருக்கட்டும். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கொடுத்தது வெள்ளரிக்காய் ஊறிய வினிகர் நீர். மின்சாரம் பாய்ச்சிக் கால் பெருவிரல் தசையில் பிடிப்பை வரவழைத்தார்கள். வெறும் தண்ணீரைவிட இந்த நீரைக் குடித்தபோது சீக்கிரம் விட்டது. உப்பு ரத்தத்தில் கலக்கும் அளவுக்குக்கூட நேரம் ஆகவில்லை! தொண்டையில் பட்ட சுரீர்தான் நரம்பை அடக்கியிருக்கும் என்று கருதுகிறார்கள். நீங்கள் வெயிலில் ஆடினால் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள், நடுவே நிழலில் உட்காருங்கள்.

வாசகர், காரைக்குடி
கே: விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நிஜமா?
ப: அமெரிக்காவின் சார்லஸ் ஆஸ்போர்னுக்கு 1922இல் பிடித்த விக்கல் 1990இல்தான் விட்டது. 68 வருஷம் ஓயாமல் ஒருவரை நினைக்கக் கடன் கொடுத்தவரால் மட்டுமே முடியும். விக்கல் என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசை வெட்டி இழுப்பது. 2 நாள் தாண்டினால் டாக்டர்.

பேருந்து நடத்துநர், சேலம்
கே: வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்துக் கொடுத்தால் நின்றுவிடுகிறதே, எப்படி?
ப: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நிற்கும். பெயர் சாவிக்குப் போகிறது. இடிக்கும் பொருட்களை அகற்றுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

மென்பொருள் ஊழியர், சென்னை
கே: தொடை, தோள், கெண்டைக்கால் என்று இடம் மாறி மாறித் துடிக்கிறது. இணையத்தில் தேடினேன், ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த நோய் என்று காட்டியது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.
ப: தூங்காததால் துடிப்பு, துடிப்பதால் தூங்கவில்லை. நல்ல கூட்டணி! வெட்கப்படாதீர்கள், டாக்டர்களே இதே பயத்தோடு நரம்பியல் நிபுணர் முன் உட்காருவதுண்டு. துடிப்பு யாரோடு வந்திருக்கிறது என்று பாருங்கள். சட்டைப் பொத்தான் போட விரல் மறுப்பது, நடக்கையில் பாதம் தொய்வது, பேச்சு குழறுவது, சதை வற்றுவது ஆகிய துணைகளோடு வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். தனியாக வந்த துடிப்பு பெரும்பாலும் விருந்தாளிதான். சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும்.

புது மாப்பிள்ளை, ஈரோடு
கே: கண் அசரும் நேரத்தில் பள்ளத்தில் விழுவது போல உடம்பு தூக்கிப்போடுகிறது. இதற்கு மருந்து?
ப: தூக்கத்தின் வாசற்படியில் கால் தடுக்குகிறது, ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான். மருந்து வேண்டாம். உதை வாங்கியவரிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடுங்கள்.