கல்லடிப் பாலத்தில் கையுறை: வேகவியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

பந்தயத் தடத்தில் கையுறை அணிவதா வேண்டாமா என்ற வினாவை உலகம் எப்போதோ தீர்த்துவிட்டது. மட்டக்களப்பில் மட்டும் அது தீராமல் கிடக்கிறது. முதற்காரணம், இங்கே பந்தயத் தடமே இல்லை. நுவரெலியாவுக்கு மககஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934 முதல் இருக்கிறது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த விமான ஓடுபாதையில் கார்கள் சீறியிருக்கின்றன. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நமது வாவிக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. ஆனால் தடம் இல்லை என்பதற்காகப் பந்தயமும் இல்லை என்று முடிவுகட்டுபவர், மாலை ஐந்தரை மணிக்குக் கல்லடிப் பாலத்தில் நடந்து பார்த்தவராக இருக்க முடியாது.

ஆய்வுக் களம்

பழைய கல்லடிப் பாலம் வெள்ளைக்காரர் காலத்தது. லேடி மேனிங்கின் பெயரைத் தாங்கிய அந்த இரும்புப் பாலம் ஒடுக்கமானது. அதில் வேகம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. முன்னால் போகும் வண்டியின் புகையைக் குடித்துக்கொண்டு ஊர வேண்டியிருந்தது. 2013இல் பக்கத்தில் அகலமான புதுப்பாலம் திறந்தார்கள். வாவியில் பாடும் மீனைக் கேட்க வந்தவர்கள் அன்றிலிருந்து சைலன்சரைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். வேகவியலின் வரலாறு மட்டக்களப்பில் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது.

ஆய்வு முறை

பாலத்தின் கல்லடி முனையில் பிளேன்ரீயோடு நின்று பார்ப்பதே முறை. எண்ணிக்கை எதுவும் இங்கே தரப்படவில்லை. அட்டவணையைக் கண்டால் வாசகர் நம்பிவிடுகிறார். நம்பிய வாசகரால் ஆய்வுக்கு ஒரு பயனும் இல்லை.

கண்டறிந்தவை

ஸ்கூட்டியில் பாடசாலைக்கும் கச்சேரிக்கும் வங்கிக்கும் போகும் பெண்கள் பெரும்பாலும் கையுறை போடுகிறார்கள். முழங்கைவரை ஏறும் துணி உறை, காலில் சொக்ஸ், முகத்தில் மாஸ்க் என்று இடைவெளி விடாமல் மூடிக்கொண்டு அவர்கள் போகும் வேகம் முப்பதைத் தாண்டாது. மறுபக்கம், டீஷேர்ட்டும் செருப்புமாக, ஹெல்மெட்டை முழங்கையில் கொழுவிக்கொண்டு பறக்கும் தம்பிமார் வெறுங்கையர். இதிலிருந்து பிறக்கும் விதி: கையுறையும் வேகமும் ஒன்றுக்கொன்று எதிர்விகிதத்தில் அமையும். வேகம் முற்றாக நின்றுபோன இடத்தில், அதாவது நிறுத்திவைத்த ஸ்கூட்டியில், இரண்டு கையுறைகள் கைப்பிடியில் தொங்கும். விதிக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படித் தொங்கிய ஒன்றைக் கிட்ட நின்று பார்த்தோம். தோல் நிற நைலோன். உள்ளங்கையில் பிடிப்புக்காகச் சிறு றப்பர்ப் பொட்டுகள். போனைத் தடவ வலது ஆட்காட்டி விரலின் நுனியைக் கத்தரித்திருந்தார்கள். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பெருவிரல் நுனி நூலாகியிருந்தது. எக்சிலேட்டர் பிடிக்கும் உள்ளங்கையோ புதிதுபோல் இருந்தது. அதை முறுக்கும் பழக்கம் உடையவருக்கு இல்லை என்பது தெளிவு.

மூன்று கட்சிகள்

வெயிற் கட்சி முதலாவது. ஏழு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடைப்பட்ட அகலக்கோட்டில் இருக்கும் ஊர் இது. மேலிருந்து ஒரு வெயில் அடிக்க, வாவித் தண்ணீரில் பட்டு இன்னொரு வெயில் கீழிருந்து வருகிறது. கை கறுக்கும் என்ற அவர்களின் வாதத்துக்கு மறுப்பே கிடையாது.

இரண்டாவது பிடிக் கட்சி. இவர்கள் கையுறைக்கு எதிரிகள். ரயர்க் கடைக்காரர் ஒருவர் இதன் சாரத்தைச் சொன்னார்: “உறைக்குள்ள கை வேர்த்து வழுக்கினா, மறுகா பிரேக்க எப்பிடித் தம்பி புடிக்கிற?” மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் விடியற்காலை போகும் வியாபாரிகளும் இந்தக் கட்சிதான். ஐஸில் நனைந்த கைக்கு உறை போட்டால் அது நாள் முழுக்கக் காயாது.

மூன்றாவது மரபுக் கட்சி. கண்ணகி அம்மன் சடங்கில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, கொம்போடு கொம்பைக் கொழுவி, ஒன்று முறியும்வரை வடம் பிடித்திழுத்த கொம்புமுறிக்கு எவன் உறை போட்டான் என்று கேட்பவர்கள் இவர்கள். வினா வலுவானது. ஆயினும் அங்கே கயிறு ஓடியது மனிதர் இழுத்த வேகத்தில். ஊர் எல்லைக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் 19 மீற்றர் தார் ஓடிவிடுகிறது. கண்ணகிக்கு நேர்ந்த வடத்தையும் காத்தான்குடி வீதியையும் ஒரே கையால் அளக்க முடியாது.

பிறநாட்டார் வழக்கு

1909இல் டொரத்தி லெவிற் என்ற ஆங்கிலேயப் பெண், பெண்களுக்கான கார் வழிகாட்டி நூலொன்று எழுதினார். ஆசனத்தின் கீழ் உள்ள சின்ன இழுப்பறையில் ஒரு சோடி கையுறையும் கைக்கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருபவரைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் அறிவுரை. இவரையும் வெயிற் கட்சியில் சேர்க்க நினைப்பவர் கவனிக்க: 1906இல் இவர் ஓட்டிய வேகம் மணிக்கு ஏறக்குறைய 146 கிலோமீற்றர். நமது எதிர்விகித விதி கல்லடிக்கு மட்டுமே உரியது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்றைய போர்முலா வன் பந்தயத்தில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை, கையுறை கட்டாயம். அது பவிசுக்காக அல்ல, நெருப்புக்காக. ஆகவேதான் தீப்பற்றாத நூலில் நெய்கிறார்கள். ஸ்டியரிங்கின் துடிப்பு விரலுக்குத் தெரிய வேண்டும் என்று தையலை வெளிப்புறமாக விடுகிறார்கள். 2018இல் நாடித்துடிப்பையும் குருதியில் உள்ள ஒட்சிசனையும் அளக்கும் உணரியையும் உள்ளே வைத்தார்கள். நம்மூரார் பிழைக்கப் போகும் வளைகுடாவில், பஹ்ரெய்ன் தடத்தில், 2020 நவம்பர் 29 அன்று பந்தய ஓட்டுநர் ரொமெய்ன் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து தீப்பிடித்தது. ஏறக்குறைய அரை நிமிடம் நெருப்புக்குள் இருந்துவிட்டு மனிதர் தானாக ஏறி வெளியே வந்தார். உடம்பு தப்பியது, வெந்தது கைகள்தான். உறை போட்ட கைக்கே அந்தக் கதி.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கதை வேறு. விழுகிறவன் எவனும் யோசித்து விழுவதில்லை. கை தானாக முன்னே நீளும், உள்ளங்கைதான் முதலில் தரையைத் தொடும். ஆகவே அந்த உறையில் உள்ளங்கையின் அடிப்பாகத்தில் வழவழப்பான கெட்டித் தகடு வைக்கிறார்கள். தரையைப் பிடித்தால் மணிக்கட்டு முறியும், வழுக்கினால் தப்பும். கார் உறை பிடிக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் உறை வழுக்க வேண்டும். “வழுக்குமே” என்று ரயர்க் கடைக்காரர் எதைக் குறையாகச் சொன்னாரோ, விழும்போது அதுவே உயிர்நாடி.

முடிபு

மேற்கண்ட அளவைகளால் கல்லடியை அளந்தால் ஒருவரும் தேறமாட்டார். வெறுங்கையர் தோலோடு விழுவார். நைலோன் உறை போட்டவர் விழுந்தால், உரசும் சூட்டில் அந்த நைலோன் உருகித் தோலோடு ஒட்டும். வெயிலை மறிக்கத் தைத்த துணியிடம் தாரையும் மறி என்று கேட்பது நியாயமல்ல.

ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. இந்த ஊரில் தானாக விரும்பிக் கையுறை போடுகிறவர் வெயிலுக்கு அஞ்சியே போடுகிறார். வெயில் தினமும் வருகிறது. விழுவது என்றோ ஒருநாள். தினமும் வருகிறவனுக்குத்தான் மனிதன் மரியாதை கொடுப்பான். எலும்பு முறிவு, பொலிஸ், தாயின் கண்ணீர் என்று எதைச் சொன்னாலும் மசியாத தம்பிமாருக்குத் தடித்த தோல் உறையைப் பாதுகாப்புச் சாதனம் என்று விற்பது ஆகாத காரியம். பெட்டியின் மேல் “கை கறுக்காது” என்று மட்டும் அச்சடிக்கட்டும். உள்ளங்கைத் தகட்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பொருட்காட்சிக் காலத்தில் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது கை யாருக்கு என்பது அடுத்த ஆய்வுக்கு உரியது.