மூன்று பாட்டு போதுமா?

இந்த வாரம் பியானோ கேள்விகள் மட்டும். கோடை விடுமுறை நெருங்குவது வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

கே: என் மகளுக்கு மூன்றரை வயது. மொசார்ட் மூன்று வயதிலேயே ஆரம்பித்தாராமே, இப்போதே டீச்சர் தேடலாமா?
– ஓர் அம்மா, நங்கநல்லூர்

ப: மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட், மகன் பிறந்த 1756-லேயே வயலின் கற்றுத்தருவது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டவர். நீங்கள் என்ன புத்தகம் போட்டிருக்கிறீர்கள்? பாடட்டும், கை தட்டட்டும், ஆடட்டும். அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காரவும், ஐந்து விரலையும் தனித்தனியாக அசைக்கவும், ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்தைச் சொல்லவும் வந்தபிறகு டீச்சரைத் தேடலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஐந்தரை, ஆறு வயதில் வரும். ஏழானாலும் குடி முழுகாது.

கே: இணையத்தில் தேடினால் சென்னையில் எக்கச்சக்கமான பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரம். யாரை நம்புவது?
– அண்ணா நகர் வாசகர்

ப: நட்சத்திரம் போட்டவர்கள் முதல் மாத உற்சாகத்தில் போட்டிருப்பார்கள். மூன்றாவது, நான்காவது வருடமாக ஒரே டீச்சரிடம் பிள்ளையை அனுப்புகிறவரைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பிள்ளை இப்போதும் சொல்லாமலே போய் பியானோ முன் உட்காருகிறதா என்று கேளுங்கள். சென்னையில் மேல்நாட்டு இசை நெடுங்காலமாகச் சர்ச்சுகளில் குடியிருக்கிறது. ஆர்கன் வாசிப்பவரையும் பாடகர் குழு நடத்துபவரையும் விசாரித்தால் நாலு பெயர் கிடைக்கும். 1842-ல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடையில் நின்று பேச்சுக் கொடுக்கலாம்.

எல்லோரையும் விட நல்ல உளவாளி, வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்தான். எந்த டீச்சர் வீட்டுப் பியானோ வருடக்கணக்காகச் சுருதி விலகிக் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சுருதி கெட்ட பியானோவைச் சகித்துக்கொள்கிற காது உங்கள் பிள்ளைக்கு என்ன சொல்லித் தந்துவிடும்?

கே: நாங்கள் பார்த்திருக்கும் டீச்சர் பியானோவில் எட்டாவது கிரேடு தேர்வு முடித்தவர். அது போதாதா?
– தாம்பரம் தம்பதி

ப: அவருக்கு வாசிக்க வரும் என்பதற்கு அது சாட்சி. ஆறு வயதுக்காரரைச் சமாளிக்க வருமா என்பதற்கு எந்தக் கிரேடும் கிடையாது. இரண்டு கேள்வி கேளுங்கள். ‘உங்களிடம் படிப்பவர்களில் ஆகச் சின்னக் குழந்தைக்கு என்ன வயது?’ ‘ஆரம்பத்தில் எந்தப் புத்தகம்?’ ஃபேபர், ஆல்ஃபிரட், ஜான் தாம்ஸன் என்று எதைச் சொன்னாலும் பாதகமில்லை. நேராகப் பரீட்சைப் புத்தகத்தைக் காட்டினால் ‘வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்று எழுந்துவிடுங்கள்.

பெரிய வித்வான்களே ஆரம்பப் பாடத்தில் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் பாருங்கள். ஹங்கேரியின் பார்டோக் எழுதிய ‘மிக்ரோகாஸ்மாஸ்’ வரிசையில் 153 பாட்டுகள். முதல் பாட்டில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும், கையை இடம் மாற்றவே வேண்டாம். முதல் இரண்டு பாகங்களைத் தன் மகன் பீட்டருக்குக் காணிக்கையாக்கினார்.

கே: டிரையல் கிளாஸில் என்ன பார்க்க வேண்டும்? எனக்கு இசை தெரியாது.
– ஓர் அப்பா, திருச்சி

ப: தெரியாததே நல்லது, கண்ணால் பார்ப்பீர்கள். முதலில் ஸ்டூலைக் கவனியுங்கள். பிள்ளையின் முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி உயரத்தைச் சரிசெய்கிறாரா, அந்தரத்தில் தொங்கும் காலுக்குக் கீழே ஒரு பலகையாவது வைக்கிறாரா? இதைச் செய்யாதவர் கையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் வீண். அடுத்து, அரை மணியில் வாசித்தது யார்? டீச்சர் இருபது நிமிடம் வாசித்து அசத்தினால் அது கச்சேரி, டிக்கெட் வாங்கிப் போயிருக்கலாம்.

பிள்ளை தப்பு செய்யும் இடத்தில்தான் டீச்சரின் தரம் தெரியும். ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்துகிறவரிடம் பிள்ளைக்கு நிற்கத்தான் பழகும். நல்லவர் கடைசிவரை வாசிக்க விடுவார். பிறகு ஐந்து தப்பில் ஒன்றை மட்டும் எடுப்பார். ‘தப்பு’ என்று சொல்வதற்குப் பதில் இரண்டு விதமாக வாசித்துக் காட்டி, ‘இதில் நீ வாசித்தது எது?’ என்று கேட்பார். அங்கே காது வேலை செய்ய ஆரம்பிக்கிறது. கிளம்பும்போது, இந்த வாரம் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதித் தருகிறாரா பாருங்கள். ‘நல்லா பிராக்டிஸ் பண்ணு’ என்பது வீட்டுப்பாடம் அல்ல, ஆசீர்வாதம்.

கே: மூன்று வருடத்தில் மூன்று கிரேடு, எல்லாமே டிஸ்டிங்ஷன். ஆனால் என் பையனை ‘ஹேப்பி பர்த்டே’ வாசிக்கச் சொன்னால் விழிக்கிறான். டீச்சரை மாற்றலாமா?
– மடிப்பாக்கம் அப்பா

ப: உங்கள் பையனுக்கு மொத்தம் எத்தனை பாட்டு தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பது என்று விடை வந்தால் நோய் என்னவென்று புரிந்துவிடும்.

நம் ஊரில் இது பரவலான வியாதி. ஜூனில் பரீட்சைப் புத்தகத்தைத் திறப்பது, அதில் மூன்று பாட்டைப் பொறுக்குவது, தேர்வு வரும்வரை அந்த மூன்றையே உருட்டுவது. வருடம் பூராவும் மூன்றே திருக்குறளைப் படித்துவிட்டுத் தமிழ் தெரியும் என்பது மாதிரி. தேர்வு நடத்துகிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. கிரேடு தேர்வுகளை நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பாட்டுக்கு 90. மீதி 60-ஐ ஸ்கேல், பார்த்தவுடன் வாசிப்பது, காதால் கேட்டுச் சொல்வது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பாஸ் ஆக 100 வேண்டும். அதாவது மூன்று பாட்டிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் அதை மட்டும் வைத்துத் தேற முடியாது. மீதி 60-க்கான வேலையைத் தேர்வுக்கு முந்தின இரண்டு வாரத்தில் அள்ளிப் போடுகிற டீச்சர்கள் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, நான்கு பாட்டை வீடியோ எடுத்து அனுப்பினாலே போதும் என்கிற இன்னொரு தேர்வும் 2020-லிருந்து வந்துவிட்டது. அதில் பார்த்து வாசிப்பதும் இல்லை, கேட்டுச் சொல்வதும் இல்லை.

டீச்சரை மாற்றுவதற்கு முன்னால் ஒருமுறை பேசிப் பாருங்கள். ஒவ்வொரு கிரேடையும் எழுதியே ஆகவேண்டும் என்று விதி இல்லை. ஒன்றுக்குப் பிறகு மூன்று, அதன்பின் ஐந்து என்று தாவலாம். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாவது கிரேடுக்குப் போகும்போது மட்டும் ஐந்தாவது கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒன்றோ கேட்பார்கள். நடுவில் கிடைக்கிற வருடத்தில் சுலபமான சின்னச் சின்னப் பாட்டாக இருபது முப்பது வாசிக்கட்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் தன் மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று சில பாட்டுகள் எழுத உட்கார்ந்தார். 1848-ல் அது 43 பாட்டுள்ள தொகுப்பாகிவிட்டது. ‘பெற்றோர்கள்தான் சார் சர்டிபிகேட் கேக்கறாங்க’ என்று டீச்சர் சொல்லக்கூடும். அப்போது கொஞ்சம் தரையைப் பாருங்கள்.

கே: வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. டீச்சர் பியானோ வாங்கச் சொல்கிறார். வியாபாரமா?
– கோவை வாசகி

ப: பாதி நியாயம். பியானோவில் 88 கட்டை. ஒவ்வொன்றும் ஒரு சுத்தியலைத் தூக்கி எறிகிறது. அதனால் கட்டைக்குக் கனம் உண்டு, விரலுக்கு வேலை உண்டு. சாதாரணக் கீபோர்டில் முதல் சில மாதம் ஓட்டலாம், அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் வகையாக இருந்தால். அதற்குமேல் கனமான 88 கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ போதும். இருநூறுக்கும் மேற்பட்ட கம்பி உள்ள அசல் பியானோவைப் பராமரிப்பது தனிச் செலவு. கடையின் பெயரையும் டீச்சரே சொன்னால் இன்னொரு கடையிலும் விலை கேளுங்கள்.

கே: கர்னாடகப் பாட்டும் கற்கிறாள். குழம்புவாளா?
– கும்பகோணம் பாட்டி

ப: குழந்தைகள் குழம்புவதில்லை, டீச்சர்கள்தான் சண்டை போடுவார்கள். பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவே ஒன்றும் கிடையாது. கமகம் அந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. ஒன்றை மற்றொன்றால் அளக்காத இருவர் கிடைத்தால் பேத்தி பாக்கியசாலி.

கே: எங்கள் காலத்தில் தப்பாக வாசித்தால் விரலில் ஸ்கேலால் ஒன்று போடுவார்கள். ஒழுங்காக வந்தது.
– மயிலாப்பூர் தாத்தா

ப: இப்போது வாசிக்கிறீர்களா, தாத்தா? ஸ்கேலைக் கட்டையில் வாசிக்கலாம், விரலில் வைக்கக்கூடாது. அடிக்குப் பயந்த கை விறைக்கும். விறைத்த கையால் பியானோ வாசிக்க முடியாது.

கே: பெற்றோர் இருந்தால் கவனம் சிதறும் என்று கதவைச் சாத்திக்கொள்கிறார் ஆசிரியர்.
– பெயர் வேண்டாம்

ப: கவனம் சிதறும் என்பது உண்மை. அதற்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், கதவை மூட வேண்டியதில்லை. ஜப்பானின் சுசுகி முறையில் அம்மாவோ அப்பாவோ வகுப்பில் உட்காருவது பாடத்திட்டத்திலேயே உண்டு. விரலைப் பிடித்துச் சரிசெய்வது இந்த வாத்தியத்தில் சகஜம். அதனாலேயே யாராவது பார்க்கும்படி நடக்க வேண்டும். கேட்டும் திறக்காவிட்டால் இன்றே நிறுத்துங்கள். கட்டிய ஃபீஸ் போகட்டும். பிள்ளையிடம் பதறாமல் பேசுங்கள்.

கே: லிடியன் நாதஸ்வரம் மாதிரி வர எத்தனை வருடம் ஆகும்?
– மதுரை அப்பா

ப: அவர் 2019-ல் அமெரிக்க டிவி போட்டியில் பியானோ வாசித்து 10 லட்சம் டாலர் ஜெயித்தபோது வயது 13. இந்தக் கேள்வியை டீச்சரிடம் கேட்டுவிடாதீர்கள். ‘ரெண்டே வருஷம் சார்’ என்று சொல்ல யாராவது கிடைத்துவிடுவார்கள்.

கே: தினமும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்கார வைக்கலாமா?
– வேளச்சேரி அம்மா

ப: ஏழு நாள் பல்லை ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்ப்போமா? தினம் பத்து நிமிடம், பக்கத்தில் நீங்கள், போன் வேறு அறையில்.

கே: நான் பியானோ டீச்சர். நல்ல பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?
– பெரம்பூர்

ப: ‘எக்ஸாம் எப்போ?’ என்று முதல் போனிலேயே கேட்பவரை வெயிட்டிங் லிஸ்டில் போடுங்கள். வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து தொடையில் விரலால் தட்டிப் பார்க்கும் அப்பா கிடைத்தால் விடாதீர்கள். அவரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு ஃபீஸாக வாங்குங்கள்.