டெஸ்க்டாப்புக்கு விடை கொடுக்கலாமா?

கேள்வி: கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு 17 அங்குல லேப்டாப் வாங்கலாமா?
– ஸ்டூடியோ உரிமையாளர், நாகல்நகர், திண்டுக்கல்

பதில்: பழனி, வத்தலக்குண்டு என்று மண்டபம் மண்டபமாகத் தூக்கிப்போய் வேலை பார்ப்பீர்களானால் தாராளமாக வாங்குங்கள். மேசையை விட்டு நகராதென்றால் வேண்டவே வேண்டாம். அதே பணத்துக்கு டெஸ்க்டாப்தான் வேகம், பழுது பார்க்கவும் சுலபம்.

வாங்கினால் முதலில் திரையைப் பாருங்கள். எஸ்ஆர்ஜிபி வண்ணம் 100 சதவீதத்துக்கு அருகில் இல்லையென்றால், மணப்பெண்ணின் அரக்குப் பட்டு அச்சில் வேறு நிறமாக வந்து நிற்கும். பெண்வீட்டார் உங்களைத்தான் கேட்பார்கள்! ராம் 32 ஜிபி, பிறகு கூட்டிக்கொள்ள இடமும் இருக்கட்டும்.

பாட்டரியை அதிகம் நம்பாதீர்கள். விமானத்தில் தடையின்றிக் கொண்டுபோக வரம்பு 100 வாட்-மணி என்பதால், பெரிய லேப்டாப்பிலும் பாட்டரி அதற்குள்தான் அடங்கும். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து மூட அது போதும், ஆல்பத்தை முடிக்கப் போதாது.

பூட்டுத்துளை உள்ள மாடலாகத் தேர்ந்தெடுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஊர்ப் பூட்டு அதற்குள் நுழையாது. லேப்டாப்புக்கென்றே உள்ள கம்பிப் பூட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.