முள்ளு சொல்றதைக் கேளு கண்ணு

ஏங்கண்ணு, பழைய புல்லட்டு ஒண்ணை வாங்கி வாசல்ல நிறுத்தியிருக்கறயாமா? நல்ல காரியம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் புள்ளைக்கும் காலாகாலத்துல கல்யாணம் ஆகோணுமில்ல.

காயில் புதுசு, பேட்டரி புதுசு, பிளக்கு புதுசு. வண்டில பழசுன்னு மிச்சமிருக்கறது நம்பர் பிளேட்டும், கெளம்பாத அந்தக் கோளாறுந்தான். வயித்துவலிக்குத் தலைய மாத்துன மாதிரி இருக்குது உன்ற வைத்தியம்.

திருவொற்றியூர்ல 1956-ல இருந்து செஞ்ச வண்டி அது. பாயிண்ட்ஸ் வெச்ச மாடல்ல மர்மம் ஒண்ணுமில்ல. பேட்டரியில கெளம்பற கரண்டு ஃபியூசு, சாவி, காயிலுன்னு தாண்டிப் பாயிண்ட்ஸுக்கு வருது. பாயிண்ட்ஸ் தொறக்கற நேரத்துல பிளக்குல பொறி. நடுவுல எங்க நின்னுச்சுன்னு பாக்கறதை உட்டுப்போட்டு, பர்ஸைத் தொறந்தா என்ன பொறி வரும்?

மொதல்ல பிளக்கைக் கழட்டிக் கேப்புல மாட்டு. பெட்ரோல் ஈரம் இல்லாத எடமாப் பாத்து, இன்ஜின் மேல ஒட்டி வெச்சு உதை. நீலமாப் பொறி வந்தா ஒயரிங் மேல குத்தமில்ல, கார்புரேட்டரைப் போய்க் கேளு.

பொறி வரலயா? ஹெட்லைட்டு மேல ஆம்பியர் மீட்டர் இருக்குதே, அழகுக்கு வெச்சதுன்னா நெனச்சே? லைட்டை அணைச்சுட்டு, சாவியப் போட்டு, கிக்கரை மெதுவா அழுத்து. முள்ளு மைனஸுக்குப் போய்ப் போய்த் திரும்புச்சுன்னா, கரண்டு பாயிண்ட்ஸ் வரைக்கும் வருது. அசையவே இல்லீன்னா பேட்டரி டெர்மினல், ஃபியூசு, சாவி, அழுக்கேறுன பாயிண்ட்ஸ், இதுகளை மொதல்ல பாரு. மைனஸ்லயே குந்திக்கிச்சுன்னா பாயிண்ட்ஸ் தொறக்கல, இல்லாட்டி கண்டென்சர் ஷார்ட்டு.

பாயிண்ட்ஸ் இடைவெளி 0.35-ல இருந்து 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வெச்சுப் பாரு, கண்ணால அளக்காதே. அங்க பொறி தீபாவளி கொண்டாடுச்சுன்னா கண்டென்சரை மாத்து. காயில் வெலையில அது கொசுறு.

ஹேண்டிலைத் திருப்பறப்ப நின்னு போகுதா? கழுத்துக்கிட்ட ஒயரு தேஞ்சிருக்கும். மழையில மட்டும் மக்கர் பண்ணுதா? பிளக்கு கேப்பையும் அதோட ஒயரையும் இருட்டுல பாரு, கரண்டு கசியறது தெரியும். பளபளன்னு பெயிண்ட் அடிச்சயே, எர்த் ஒயரு முறுக்கற எடத்துலயும் சேத்து அடிச்சுட்டயா? அங்க சொரண்டி உடு. ஃபியூசுக்குப் பதுலா சிகரெட்டுப் பாக்கெட்டு ஜிகினாத் தாளைச் சுத்தியிருக்கறயாம். வெளிச்சம் நல்லா வரும் சாமி, வண்டியே எரியறப்ப.

கரண்டு எங்க நின்னுச்சுன்னு கண்டுபுடிக்கப் பேட்டரிக்கேத்த பல்பு ஒண்ணு, ரெண்டு ஒயரு போதும். சாவியப் போட்டு, ஒரு ஒயரை எர்த்துல புடி, இன்னொண்ணைப் பேட்டரியில இருந்து காயில் வரைக்கும் ஒவ்வொரு ஜாயிண்டாத் தொட்டுக்கிட்டே வா. வெளிச்சம் எங்க நிக்குதோ, அதுக்கும் முந்துன ஜாயிண்டுக்கும் நடுவுலதான் கோளாறு.

சோதிச்சுட்டு வாங்கறவனுக்கு வண்டி ஓடும், வாங்கிட்டுச் சோதிக்கறவனுக்குக் கடை ஓடும். இல்லீங்க அப்பாரு, வாங்கிப் போட்டேதான் பாப்பேன்னா தாராளமாப் போ கண்ணு. கடைக்காரன் நம்ம பங்காளிதான்.