அதிகம் வாங்கிய சம்பளம்

கேள்வி: அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு ஆண்டாகிறது. 'சம்பள நிர்ணயத்தில் தவறு நடந்துவிட்டது, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டவும்' என்று பழைய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதே?
- ஓய்வூதியர், விருதுநகர்

பதில்: கணக்கைத் தப்பாகப் போட்டது அவர்கள், காசு கட்டுவது நீங்களா? நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடிவிடாதீர்கள். ஊழியர் மேல் தப்பில்லாதபோது, ஓய்வுபெற்றவரிடம் பிடித்தம் கூடாது என்று 2014-ல் ரஃபீக் மாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடைநிலை ஊழியர்களுக்கும் அதே சலுகை உண்டு.

ஒரு வில்லங்கம். 'அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தால், 2016-ல் அதே நீதிமன்றம் சொன்னபடி கட்டத்தான் வேண்டியிருக்கும், தவணை கேட்கலாம். அரியர் வருகிற குஷியில் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே (நானும் அப்படித்தான்), முதலில் பரணில் ஏறி அந்தத் தாளைத் தேடுங்கள்.